ஜிண்டபைனில் வாடகைச் சங்கிலி

இன்று காலை காரேஜில் நனைந்த இரும்பின் மணம் வந்ததும், எழுபதுகளில், ஆஸ்திரேலியாவின் குளிர்காலமான ஜூலையில், நான்கு வருடங்கள் சிட்னியிலிருந்து நாங்கள் போன ஜிண்டபைன் நினைவுக்கு வந்தது. அணை கட்டியதில் எழுந்த ஏரி பழைய ஊரை மூடியதால் மேட்டில் புதிதாகக் கட்டிய அந்த மலையூரில், இப்போது அடுக்குமாடி நிற்கும் இடத்தில், பனியில் வழுக்காதிருக்க டயருக்குப் பூட்டும் சங்கிலிகளை வாடகைக்குத் தரும் தகரக் கொட்டகை இருந்தது. எனக்கு வேண்டியதோ ஒரு கைப்பிடி பனி. ஆனால் சங்கிலி பூட்டாத காரைப் பனி கிடக்கும் உயரத்துக்கு விடமாட்டார்கள். அப்பா மலைப்பாதையோரம் குந்தியிருந்து, விரல் விறைக்க, சங்கிலியைப் பூட்டுவார், சரியாகப் பொருந்தாமல் கழற்றுவார், பொழுது சாயும்வரை திரும்பப் பூட்டுவார்.

"ஆரையும் உதவிக்குக் கூப்பிடுங்கோவன்," என்பார் அம்மா.

"நான் இஞ்சினியரப்பா!"

"ஓம், அது டயருக்குத் தெரியேல்லைப் போல."

இருட்டியதும் காரைத் திருப்புவார். என் நாட்குறிப்பில் நான்கு வருடமும் ஒரே வரி: பனி தெரிந்தது, தொடவில்லை.