தாரிகாவுக்கு வந்த நியமனக் கடிதம்

பிரியந்தனுக்குத் துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் வேலை. ஆனால் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "தீயணைப்புத் தொண்டன்" என்றுதான் சொல்லுவான். ஒன்பது வருடமாக முகத்துவாரம் பகுதித் தொண்டர் குழுவில் இருந்தான். வண்டி நுழைய முடியாத ஒழுங்கைகளில் காஸ் அடுப்பு பற்றினால் முதலில் போய் நிற்பது அவன்தான். சம்பளம் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் மனைவி தாரிகாவையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டான்.

ஆட்பற்றாக்குறையைத் தீர்க்க அரசாங்கம் நிதி ஒதுக்கியிருக்கிறது, தொண்டர்களிலிருந்தே நிரந்தரமாக ஆள் எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்றே அவன் இரண்டு விண்ணப்பம் வாங்கி வந்தான்.

"எனக்குத் துணைக்கு நீரும் போடும்" என்றான்.

தேர்வு நாளில் ஓட்டத்திலும் ஏணி ஏறுவதிலும் அவன்தான் முதல். கண் பரிசோதனையில் புள்ளிப் படம் காட்டினார்கள். மற்றவர்கள் அதில் இலக்கம் வாசித்தார்கள். அவனுக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. சிவப்பும் பச்சையும் அவனுக்குப் பிரியவில்லை என்று சொல்லி டொக்டர் தாளை மூடினார். தாரிகா எல்லாவற்றிலும் தேறினாள்.

அதன்பிறகு அவள் சமைத்தது எதுவும் அவனுக்கு ருசிக்கவில்லை. "பொம்பிளையளுக்கெண்டு இடம் வச்சிருக்கினம், அதுதான்" என்று கூட்டாளிகளிடம் சொன்னான். அவள் மணல் மூட்டையோடு நாலு மாடி ஏறியதை அவனே கீழே நின்று பார்த்திருந்தான்.

அவள் சந்தைக்குப் போயிருந்த ஒருநாள் பதிவுத் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினான். அடுத்த திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரவேண்டும் என்று இருந்தது. கடிதத்தை அலுமாரியில் தன் கல்யாண வேட்டிக்குள் வைத்தான்.

"தபால் ஏதும் வந்ததோ?" என்று அவள் தினமும் கேட்டாள்.

"இல்லை."

மூன்றாம் நாள், கூடத் தேறிய பக்கத்து வீட்டு மாக்ரெட் தன் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். தாரிகாவின் முகம் வாடியதைப் பார்க்க அவனுக்கு ஒரு கணம் நல்லாயிருந்தது. பிறகு கையிலிருந்த தேத்தண்ணியை முற்றத்தில் ஊற்றினான்.

சனிக்கிழமை அவள் தபால் கந்தோருக்குப் போய்த் திரும்பினாள்.

"புத்தகத்தில உங்கட கையெழுத்து இருக்கு" என்றாள்.

அவன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தான். "எனக்குப் பொறுக்கேல்லை, தாரிகா. ஒன்பது வருஷம் ஓடினது நான்."

"அந்தக் கண் டெஸ்ட் அண்டைக்கு உங்களை விட நான்தான் கூட அழுதனான்" என்றாள் அவள். பிறகு இரண்டு கிழமை அவனோடு கதைக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் முகத்துவாரத்தில் பலகை விற்கும் மரக்காலை ஒன்று பற்றிக்கொண்டது. தொண்டர்கள் ஓடிவந்தார்கள். வண்டியிலிருந்து சீருடையோடு தாரிகா குதித்து, குறுக்கே கயிறு கட்டினாள்.

"எல்லாரும் கயித்துக்குப் பின்னால போங்கோ!" என்று கத்தினாள். அவன் அசையாமல் நிற்பதைக் கண்டு, "நீங்களும்தான்" என்றாள்.

பின்னால் போனான். தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் புகைக்குள் போவதைப் பார்த்தபடி நின்றான். நெஞ்சு எரிந்தது.

"அது உங்கட மனுசிதானே?" என்று தேத்தண்ணிக்கடை மீரா சாஹிப் கேட்டார்.

"ஓம்" என்றான்.

பின்னேரம் முகமெல்லாம் கரியோடு அவள் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தாள்.

"எப்பிடிப் போச்சுது?" என்று கேட்டான். அவள் வேலைக்குப் போகத் தொடங்கியபிறகு அவன் அதைக் கேட்டது அன்றைக்குத்தான் முதல்தடவை.