மடிப்பக்காவின் பன்னிரண்டு கட்டங்கள்

வலியில்லாமல் தூங்கியது ஒரு குற்றமா? பக்கத்து வீட்டில் இருக்கும் என்னிடம் மடிப்பக்கா இப்படிக் கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். மூன்று வருடமாக முதுகுவலி தின்றது போக அவரிடம் மிச்சம் இருந்த தெம்பெல்லாம் வேலைக்கே சரியாகப் போயிற்று.

விடுதிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி துவைத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பதுதான் அவர் வேலை. பெரிய உருளை இயந்திரத்திலிருந்து விரிப்பு சூடாக வெளியே வரும். இந்த முனையை ஒருவர், அந்த முனையை ஒருவர் பிடிக்க வேண்டும். ஓர் உதறு, இரண்டு எட்டு முன்னால், மூலையோடு மூலை. மறுபடி ஓர் எட்டு. பிறகு திரும்பிக் குனிந்து தள்ளுவண்டியில் வைக்க வேண்டும். பத்தொன்பது வருடம் இதைச் செய்ததில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிஞ்சியது. எல்லாருக்கும் அவர் மடிப்பக்காதான்.

மறுமுனையில் நிற்பவளுக்கு வானொலி என்று பெயர் வைத்திருந்தார்கள். காலையில் வாயைத் திறந்தால் மணி அடிக்கும்வரை மூட மாட்டாள். "உன்னை நிறுத்தற பொத்தான் எங்கடி இருக்கு?" என்று அக்கா கேட்பார். "அதைத் தேடித்தான் எங்க வீட்டுக்காரர் பத்து வருஷமா அலையறார்" என்பாள் அவள்.

உதறும்போது வலிக்காது. நடக்கும்போதும் அவ்வளவாக இல்லை. திரும்பிக் குனிந்து வைத்துவிட்டு நிமிரும்போதுதான், இடுப்புக்குச் சற்று மேலே, முதுகுத்தண்டுக்கு இடப்பக்கம், யாரோ திருப்புளியைச் செருகித் திருகுவது போல இருக்கும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. நானூறு தடவை அந்தத் திருப்புளி. வீட்டில் படுத்தால் புரள முடியாது. சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து, உட்கார்ந்த வாக்கில் கண் அசருவதையே மூன்று வருடமாகத் தூக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாத்திரை, தைலம், பெல்ட் எல்லாம் முடிந்து ஸ்கேனும் எடுத்தாயிற்று. வயதுக்கேற்ற தேய்மானம், வேறொன்றும் இல்லை என்று அதில் வந்தது. அந்த 'வேறொன்றும் இல்லை' சலவைக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. உட்கார்ந்து செய்யும் வேலையாக, பட்டன் தைக்கிற பக்கம் மாற்றித் தரும்படி அக்கா கேட்டதற்கு, ஸ்கேனிலேயே ஒன்றுமில்லாதபோது தான் என்ன செய்வது என்று சூப்பர்வைசர் கையை விரித்தார். நாத்தனார் வீட்டுக்கு வந்தபோது, மனசைத் தைரியமாக வைத்துக்கொண்டால் பாதி நோய் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். இதில் மோசமானது என்னவென்றால், அக்காவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. குனிந்து நிமிரும்போது உயிர் போகும். அடுத்த நிமிடம், இது உண்மையில் வலிதானா, இல்லை நானாகக் கட்டிக்கொண்டதா என்று யோசிப்பார்.

அந்த நிலைமையில்தான் வலி சிகிச்சைப் பிரிவின் டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தார். காலையிலிருந்து நாற்பது பேரின் வலியைக் கேட்ட களைப்பு அவர் முகத்திலும் இருந்தது. ஆனாலும் பொறுமையாகச் சொன்னார். முதுகெலும்பின் சின்ன மூட்டுகளிலிருந்து வலியை மூளைக்குக் கொண்டுபோகும் மெல்லிய நரம்புகள் உண்டு. எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே அந்த நரம்புகளின் பக்கத்தில் மரத்துப்போகும் மருந்தை ஒரு சொட்டு விட்டால், சில மணி நேரத்துக்கு அவை சேதி சொல்லாது. அந்த நேரத்தில் வலி நின்றால், வலி அங்கிருந்துதான் வருகிறது என்று தெரிந்துவிடும். இப்படி இரண்டு தடவை, இரண்டு வெவ்வேறு நாளில் தெரிந்தால், அந்த நரம்புகளைச் சூடு வைத்து அடக்கலாம். பல மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட நிம்மதி கிடைக்கும். நிற்காவிட்டால் சூடு வைத்துப் பயனில்லை, வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

கூட வந்திருந்த, பள்ளிக்கூட வேன் ஓட்டும் அக்காவின் வீட்டுக்காரருக்கு இது சட்டென்று புரிந்தது. எஞ்சின் உதறினால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது போலத்தானே என்று கேட்டார். அதேதான் என்றார் டாக்டரம்மா. நல்ல வேளை, என் பெண்டாட்டிக்கும் ஒரு மெக்கானிக் கிடைத்தார் என்று இவர் சொல்ல, அக்கா முழங்கையால் ஓர் இடி கொடுத்தார்.

ஊசி போட்ட அன்று அவர்கள் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் பன்னிரண்டு கட்டங்கள். பத்தரை மணியிலிருந்து நாலு மணி வரை, அரை மணிக்கு ஒரு கட்டம். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. எது செய்தால் வலிக்குமோ அதைச் செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று நர்ஸ் இரண்டு தடவை சொன்னார். அக்கா இரண்டு தடவையும் தலையாட்டினார்.

ஊசி போட்ட மேசையிலிருந்து இறங்கிச் சிறிது நேரம் கழித்துக் குனிந்து செருப்பு மாட்டினார். நிமிர்ந்தார். திருப்புளியைக் காணோம். இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். இல்லை. பத்தரைக் கட்டத்தில் ஒன்று என்று எழுதினார். வீட்டுக்கு வந்து பதினொன்றுக்குப் பூஜ்யம் எழுதினார். பிறகு கட்டிலைப் பார்த்தார். ஐந்து நிமிடம் படுத்து எழுந்து வீடு பெருக்கிப் பார்க்கலாம் என்று நினைத்தார். மல்லாக்கப் படுத்தார். வலது பக்கம் புரண்டார், இடது பக்கம் புரண்டார். இடது பக்கம் படுத்து மூன்று வருடமாயிற்று. அவ்வளவுதான் அவருக்கு நினைவு இருக்கிறது. அடித்துப் போட்டது போலத் தூங்கினார்.

வீட்டுக்காரர் பதினொன்றரைக்கு எழுப்பத்தான் வந்தார். வாய் லேசாகத் திறந்து, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, சின்னக் குறட்டையோடு கிடந்த மனைவியைப் பார்த்ததும் தொட மனசு வரவில்லை. தாளிலோ முதல் இரண்டு கட்டம் தவிர மற்றதெல்லாம் காலியாக இருந்தது. என்ன செய்வது? வாசற்படியில் நின்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். நெற்றியில் சுருக்கம் இல்லை. ஒன்று என்று எழுதினார். பன்னிரண்டுக்கு வந்து பார்த்தார். குறட்டை சீராக இருந்தது. பூஜ்யம். இப்படி அரை மணிக்கு ஒரு தடவை, கடிகாரம் பார்த்து, முகம் பார்த்து எழுதிக்கொண்டே வந்தார். இரண்டரைக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரக் கிளம்ப வேண்டும். மூன்று, மூன்றரை, நாலு ஆகிய கடைசி மூன்று கட்டங்களுக்கும் சேர்த்துப் பூஜ்யம் போட்டுவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

அக்கா எழுந்தபோது நாலரை. எழுப்பியதே வலிதான். நிரம்பியிருந்த தாளை எடுத்து இரண்டு தடவை படித்தார். சாயந்திரம் வீட்டுக்காரர் வந்ததும், "ஏங்க, இது என்ன வேலை?" என்றார்.

"பக்கத்துலயே நின்னு பார்த்துதான் போட்டேன். ஒண்ணும் வாய்க்கு வந்தபடி போடல."

"என் முதுகு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"முதுகு தெரியாது. மூஞ்சி தெரியுமில்ல?"

அதற்கு மேல் சண்டை போட அவரால் முடியவில்லை. வலி நின்றது நிஜம், அதில் பொய் எதுவும் இல்லையே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு தாளைப் பையில் வைத்தார்.

டாக்டரம்மா தாளை வாங்கி வரிசையாகப் படித்தார். கடைசிக் கட்டத்தில் அவருடைய பேனா நின்றது. மூன்று மணிக்கு மேல் அந்த மருந்து தாங்காது, நாலு மணிக்கு எப்படிப் பூஜ்யம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார், வாசற்படியில் நின்றது உட்பட.

டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "சார், நீங்க இவங்க தூக்கத்துக்கு மார்க் போட்டிருக்கீங்க. எனக்கு வலிக்கு மார்க் வேணும்" என்றார். பிறகு அக்காவிடம் திரும்பி, "படுத்திருந்தா பாதிப் பேருக்கு வலி குறையும்மா. ஊசியால குறைஞ்சதா, தூக்கத்தால குறைஞ்சதான்னு நான் எப்படிச் சொல்றது? இதை நம்பி நரம்பைச் சுட முடியாது" என்றார்.

அந்தத் தாள் கணக்கில் வராது என்று ஆயிற்று. மறுபடி முதலிலிருந்து. அடுத்த தேதி ஆறு வாரம் கழித்து. வேனில் திரும்பி வரும்போது, எழுப்பியிருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். பாதி வழியில் அக்காதான், எழுப்பியிருந்தாலும் தான் எழுந்திருக்கப் போவதில்லை என்று சொன்னார். அந்த வாரத்தில்தான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ஆறு வாரம் என்று எழுதுவது சுலபம். அக்காவுக்கு அது ஒவ்வொரு விரிப்பாகக் கழிந்தது.

இரண்டாவது ஊசி அன்று வீட்டுக்குப் போகவே கூடாது என்று முடிவு செய்திருந்தார். வீட்டில் கட்டில் இருக்கிறது. கால் மரத்துப் போகவில்லையே என்று பார்த்துவிட்டு, டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகு, வேன் நேராகச் சலவைக்கூடத்து வாசலில் போய் நின்றது. லீவு போட்டுவிட்டு வேலைக்கு வரும் ஆளைத் தன் சர்வீஸில் இப்போதுதான் பார்ப்பதாகச் சூப்பர்வைசர் சொன்னார். அக்கா தலையாட்டிவிட்டு உள்ளே போனார். தாளைத் தள்ளுவண்டியின் கைப்பிடியில் துணிக்கிளிப்பால் மாட்டினார். விரிப்பின் முனையைப் பிடித்தார்.

உதறு. இரண்டு எட்டு. மூலையோடு மூலை. திரும்பி, குனிந்து, வைத்து, நிமிர்ந்தார். ஒன்றுமில்லை. அடுத்தது. ஒன்றுமில்லை. பதினொன்றரைக்குப் பூஜ்யம். பன்னிரண்டுக்குப் பூஜ்யம். அரை மணி ஆனதும் வானொலி, "மார்க்கு?" என்று குரல் கொடுப்பாள். அக்கா எண்ணைச் சொல்லிவிட்டு எழுதுவார். அன்று உலகத்திலுள்ள எல்லாருடைய சேதியையும் விட்டுவிட்டு வானொலி அந்த ஒரு சேதியை மட்டும்தான் ஒலிபரப்பினாள்.

ஆனால் அக்கா எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வலி விலகியதும் அதன் பின்னால் இத்தனை நாள் ஒளிந்திருந்த களைப்பு தெரிய ஆரம்பித்தது. தோள்பட்டை கனத்தது. கணுக்கால் வீங்கியிருந்தது. கண் எரிந்தது. இதெல்லாம் எப்போதிலிருந்து என்று அவருக்கே தெரியவில்லை. வலி ஒன்றே பெரிய சத்தமாக இருந்ததால் மற்றது எதுவும் காதில் விழாமல் இருந்திருக்கிறது. ஒரு மணிக்கு, துணி மூட்டைகளின் மேல் சும்மா ஒரு நிமிடம் உட்காரலாமா என்று நினைத்தார். உட்கார்ந்தால் அவ்வளவுதான் என்று தெரியும். "என்னை உட்கார விடாதடி" என்றார். வானொலி அடுத்த விரிப்பை உதறினாள்.

இரண்டு மணிக்கும் பூஜ்யம். இரண்டரைக்கு ஒன்று. மூன்று மணிக்குச் சில நிமிடம் இருக்கும்போது, குனிந்து நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். லேசாகத்தான், ஆனால் அதே இடத்தில், அதே திருகல். மூன்று என்று எழுதினார். மூன்றரைக்கு ஆறு. எழுதும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததைப் பார்த்து வானொலி பயந்தே போனாள்.

"என்னக்கா, வலி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"அதுக்கு ஏன் சிரிக்கறீங்க?"

"நேரத்துக்கு வந்திருக்குடி. மருந்து போனதும் சரியா வந்திருக்கு. அப்ப இது நிஜம். நான் கட்டிக்கிட்டது இல்ல."

வானொலி தன் பக்கத்து முனையை இறக்கிவிட்டு, சுற்றி வந்து, விரிப்பைத் தானே வண்டியில் வைத்தாள். அதற்குப் பிறகு மணி அடிக்கும்வரை வண்டிப் பக்கம் அக்காவைக் குனிய விடவில்லை. நாலு மணிக் கட்டத்துக்கு மட்டும் ஒரு தடவை குனிய விட்டாள். ஏழு.

டாக்டரம்மா அந்தத் தாளைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்தார். "இதுதாம்மா நான் கேட்டது" என்றார். ஆனாலும் இது ஒன்றுதான், இன்னொன்று வேண்டும். மறுபடியும் ஊசி, மறுபடியும் பன்னிரண்டு கட்டம், மறுபடியும் தள்ளுவண்டி. அதிலும் அதே கதைதான் வந்தது. பிறகுதான் சூடு வைத்தார்கள். இரண்டு வாரம் புண்ணாக வலித்தது, அக்காவுக்கு நம்பிக்கையே போய்விட்டது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் நூற்றுச்சொச்சம் விரிப்பு மடித்த பிறகுதான், திருப்புளி வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. வலி முழுக்கப் போகவில்லை. கேட்டால் இரண்டு என்பார், சில நாள் மூன்று என்பார். நரம்பு மறுபடி வளரலாம், அப்போது திரும்பச் சூடு வைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பட்டன் தைக்கிற வேலை இன்னும் கிடைக்கவில்லை. தேய்மானம் தேய்மானம்தான், களைப்பும் அப்படியேதான். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மட்டும் அக்கா இடது பக்கமாகப் புரண்டு படுத்துத் தூங்குகிறார். வீட்டுக்காரர் வாசற்படி வரை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். பழக்கம் விடவில்லை. கையில் தாள் இல்லை, அவ்வளவுதான்.

அக்காவின் கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். அது குற்றமில்லை. ஆனால் அந்தச் சில மணி நேரம் ஓய்வுக்காகக் கொடுக்கப்பட்டதல்ல என்பதை, மூன்று வருடம் தூங்காத ஒருவருக்குப் புரியும்படி யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இப்படிச் சோதனை ஊசிக்குப் போவதாக இருந்தால், போவதற்கு முன்னால் இந்தக் கதையை அவரிடம் சொல்லிவிடுங்கள். கூடப் போகிறவர் பாசக்காரராக இருந்தால் அவரிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.