படம் வராவிட்டால் வருகிறவர்

மண்டபங்களில் மேடைக்குப் பின்னால் நிற்கும் பெரிய எல்இடி திரைக்குப் படம் ஓட்டுவது என் தொழில். அதில் புதிதாகச் செய்வது கொஞ்சம், பழையதைப் பெயர் மாற்றி ஓட்டுவது அதிகம். போன வருட விண்ணப்பத்தைத் திறந்து தேதியை மட்டும் திருத்தி அனுப்பிவிட்டு, மாற்றலாகிப் போன மேலாளரின் பெயர் அப்படியே இருப்பதைப் பிறகு பார்த்து உறைந்து போனவர் நீங்கள் என்றால், நமக்கு இருப்பது ஒரே நோய்தான்.

ஏழு பக்கம்

என் மென்பொருளில் நிரல் எழுத வேண்டியதில்லை. சின்னச் சின்னப் பெட்டிகளை வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்தால் போதும். ஒரு பெட்டி படத்தை எடுக்கும், அடுத்தது பூத்தூவும், அதற்கடுத்தது ஒளி கூட்டும். ஒருநாள் அந்தப் பின்னலை மொத்தமாக நகலெடுத்து, குறிப்பெழுதும் நோட்ஸ் செயலியில் ஒட்டினேன். பக்கம் பக்கமாக எழுத்து விழுந்தது. அந்த எழுத்தை நகலெடுத்துத் திரும்ப மென்பொருளில் ஒட்டினேன். மறுபடியும் அதே பெட்டிகள், அதே கோடுகள்! ஐம்பது வயதுவரை இது தெரியாமல் எத்தனை முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டியிருக்கிறேன்?

அன்றிலிருந்து செய்ததையெல்லாம் டெம்ப்ளேட்டாக நோட்ஸில் சேர்த்தேன். சேர்த்த வேகத்தில், ஒரு கோயில் குருக்களுக்கு அனுப்ப வேண்டிய விழா நிகழ்ச்சிப் பட்டியலுக்குப் பதிலாக ஒரு பின்னல் போய்விட்டது. மறுநாள் காலையில் போன் வந்தது. "ஸார், நீங்க அனுப்பினதை பிரிண்ட் எடுத்துட்டேன், ஏழு பக்கம் வர்றது. இதுல நான் எந்த இடத்துல கையெழுத்துப் போடணும்?"

எதிர்வீட்டு மயில்

பழங்காநத்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். மயில் தோகை விரிக்க, அதிலிருந்து மாப்பிள்ளை, பெண் பெயர்கள் எழும். நன்றாக வந்தது, சேமித்து வைத்தேன். அடுத்த மாதம் அதே மண்டபத்தில் இன்னொரு நிச்சயம். நோட்ஸைத் திறந்தேன், பெயர்களை மாற்றினேன், நீலத்தைப் பச்சையாக்கினேன். யார் இதையெல்லாம் கவனிக்கப் போகிறார்கள் என்பது என் எண்ணம். உண்மையில் அந்த எண்ணத்தில்தான் இத்தனை வருடம் வேலை செய்திருக்கிறேனோ என்று பிறகு தோன்றியது.

முதல் வரிசையில் முதல் நிச்சயத்துப் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தார். அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். இது அவர் எதிர்வீட்டு விசேஷம் என்று எனக்குத் தெரியாது. பந்திக்குக்கூடப் போகாமல் நேராக என்னிடம் வந்தார். "சாயம் அடிச்சா எங்க மயில் எங்களுக்குத் தெரியாமப் போயிருமா சார்?"

தாய்மாமன் வருகிறார்

உசிலம்பட்டியில் காதணி விழா. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். ஆனால் பிள்ளையின் அம்மா செல்லத்தாய்க்கும் அவர் தம்பி பெருமாளுக்கும் ஐந்து வருடமாகப் போக்குவரத்து இல்லை. அவர் வருவாரா என்பது அன்று காலைவரை யாருக்கும் தெரியாது. ஒன்பது மணிக்கு "வாரேன்" என்று ஒற்றைச் சொல்லில் தகவல் வந்தது. செல்லத்தாய் ஓடி வந்து தன் கைபேசியிலிருந்து தம்பி படத்தை எனக்கு அனுப்பினார். "என் தம்பி உள்ள வரும்போது அம்புட்டுப் பேரும் பாக்கணும்ணே. பெருசாப் போடுங்க."

நேரமில்லை. நோட்ஸில் பூ பொழிகிற ஒரு பின்னல் இருந்தது. பழங்காநத்தத்துக் கணக்கு வாத்தியார் ஒருவரின் முதலாண்டு நினைவு நாளுக்குச் செய்தது. அன்று அந்த வீட்டில் அவர் முகம் ஒரு நொடிகூட மறையக் கூடாது என்பதற்காக, வேறு படம் எதுவும் வராவிட்டால் மாலையும் விளக்குமாக அவர் படமே வரும்படி ஒரு பெட்டி வைத்திருந்தேன். பிரியத்தோடு வைத்த பெட்டி. அதைத்தான் மறந்திருந்தேன். பெருமாளின் படமோ என் மென்பொருள் படிக்காத வகை. ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

மேளம் முழங்க, சீர்த்தட்டோடு பெருமாள் நுழைந்தார். திரையில் "தாய்மாமன் பெருமாள் வருகிறார்" என்ற எழுத்து. அதற்கு மேல் மாலை போட்டு, விளக்கேற்றி, முன்பின் தெரியாத ஒரு பெரியவர். மேளம் நின்றது. பெருமாளின் மனைவி குரலெடுத்தார்: "பாத்தீகளா? கூப்பிட்டு வச்சு உசுரோட மாலையப் போட்டுட்டாக!" பெருமாள் தட்டைத் தரையில் வைத்தார். செல்லத்தாய் அழவில்லை, என்னைப் பார்த்தார்.

கரண்ட் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நடந்ததைவிட, அப்படித் தோன்றியதுதான் இன்றுவரை எனக்கு அதிர்ச்சி. மேடையேறி மைக்கைப் பிடித்தேன். "இந்த வீட்டுக்காரங்க மேல தப்பில்லை. இது வேற வீட்டுக்கு நான் செஞ்சது, மாத்தாமப் போட்டுட்டேன்." பெருமாள் திரையைக் காட்டி, "இவுக யாரு?" என்றார். "கணக்கு வாத்தியாருங்க. தவறி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு." பெருமாள் குனிந்து தட்டை எடுத்தார். "கூப்பிடாத வாத்தியாரே வந்து நிக்கிறாரு, கூப்பிட்ட நான் திரும்பிப் போனா நல்லாருக்குமா? அவருக்கும் ஒரு எலையப் போடுங்க. யக்கா, பிள்ளையக் குடு!"

கோரிப்பாளையத்தில் ஒத்திகை

அடுத்த வாரம் நோட்ஸில் இருந்த பின்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எத்தனை வீட்டு மனிதர்களை இப்படிப் பெட்டிக்குள் விட்டு வைத்திருக்கிறேன்! வாத்தியாரின் படத்தை எடுத்துவிட்டு என் படத்தை வைத்தேன். இனித் தவறினால் அவமானம் எனக்கே வரட்டும் என்ற வைராக்கியம்.

திரையும் வண்டியும் வைத்திருப்பவர் ரஃபீக் பாய். கோரிப்பாளையத்தில் அவர் கிடங்கில் பட்டப்பகலில் ஓட்டிப் பார்த்தோம். வேண்டுமென்றே இல்லாத படத்தைக் கேட்டேன். பன்னிரண்டடி உயரத்துக்கு நான் வந்தேன். கழுத்தில் மாலை, முன்னால் விளக்கு. மேலே பூ பொழிந்துகொண்டே இருந்தது. முகத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன், மற்றதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. ரஃபீக் பாய் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "யா அல்லா! அண்ணே, போட்டோ நல்லா வந்திருக்கு, அதான் பயமா இருக்கு."

இப்போது அந்தப் பெட்டியில் வெறும் கறுப்பை வைத்திருக்கிறேன். இத்தனை வருடத் தொழிலில் யாரும் குறை சொல்ல முடியாதபடி நான் செய்த ஒரே படம் அதுதான்.