சித்தி வீட்டு மூங்கில் தட்டி

சித்தப்பா அடிப்பதற்கு முன் தட்டியை இறக்குவார். கயிற்றை அவிழ்த்ததும், சுருட்டி வைத்த மூங்கில் தட்டி சடசடவென்று விழுந்து ஜன்னலை மறைக்கும். அதன் அடிக்கட்டை சுவரில் இடிக்கும். அடுத்தது சித்தியின் கன்னம். கோபத்தில் கண் மண் தெரியாமல் அடித்துவிட்டார் என்று பிற்பாடு உறவுக்காரர்கள் பூசி மெழுகியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண் மண் தெரியாதவருக்குக் கயிறு மட்டும் எப்படித் தெரிந்ததாம்?

எழுபதுகளின் கடைசியில் நான் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மசாலா ஏற்றுமதி ஆபீசில் டைப்பிஸ்ட். பெற்றோர் பாலக்காட்டில் இருந்ததால் அம்மாவின் தங்கையான சித்தி வீட்டில் தங்கினேன். கீழே கிடங்கு, மாடியில் வீடு, தெருவைப் பார்க்க ஒரே ஜன்னல். எதிர்க் கிடங்கில் பெண்கள் சுக்கு தரம் பிரிப்பார்கள். சுமட்டுத் தொழிலாளிகள் மூட்டை இறக்குவார்கள். மிளகுத் தரகரான சித்தப்பாவுக்குச் சந்தேகம் ஒரு வியாதி. சித்தி ஜன்னலருகே நின்றாலே, "எவனுக்குக் காட்சி கொடுக்கறே?" என்பார். முதலில் ஜன்னலின் மரக்கதவுகளை ஆணியடித்து மூடினார். புழுக்கம் அவருக்கே தாங்கவில்லை. சித்தி துணித்திரை கேட்டாள். காற்றில் விலகும் என்று மறுத்துவிட்டு, எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவுக்குப் போய் அவரே தட்டியை வாங்கிவந்து கட்டினார். காற்றும் வெளிச்சமும் வரும், உள்ளே இருப்பவள் தெரியமாட்டாள். மொட்டை வெயிலில் என்னையும் தெருவுக்கு இழுத்துப்போய், சித்தியைத் தட்டிக்குப் பின்னால் நிற்கவைத்து அண்ணாந்து பார்த்தார். "ஏதாவது தெரியுதா?" ஒன்றும் தெரியவில்லை. மனிதருக்குப் பரம திருப்தி.

அதற்குப் பிறகு அடி கூடியது. செருப்பு, குடைக்கம்பு, கைக்கு எது அகப்பட்டதோ அது. சத்தம் வெளியே போனால் மானக்கேடு என்று சித்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். குறுக்கே போன எனக்கு முன்பல் உடைந்தது. சித்திக்கு ஒரு காது கேட்காமலே போயிற்று. ஊருக்குப் போய் அம்மாவிடம் அழுதேன். "குடும்பம்னா நாலும் இருக்கும்" என்றாள்.

ஒரு நாள் குழாயடியில் சுக்குக் கிடங்குப் பெண் ஒருத்தி சித்தியின் வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "சேச்சீ, லைட்டிட்டா எல்லாம் காணாம், கேட்டோ." மலையாளத்தில் 'காணாம்' என்றால் தெரியும் என்று அர்த்தம்; விளக்குப் போட்டால் தெருவிலிருந்து எல்லாமே தெரிகிறதாம். நடுப்பகலில் சோதித்துப் பார்த்த சித்தப்பா, தாம் அடிப்பது பொழுது சாய்ந்து விளக்குப் போட்ட பிறகு என்பதை யோசிக்கவில்லை. எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. சித்திக்கு வந்தது வெட்கமில்லை. "அப்போ இத்தனை நாளும் எல்லாரும் பார்த்துட்டுதான் இருந்திருக்காங்க. தட்டி தொங்கினா அவங்களுக்கும் சௌகரியம்டி. பார்க்கலைன்னு இருந்துக்கலாம்."

அடுத்த முறை தட்டி இறங்கியது, முதல் அடியும் விழுந்தது. கீழே சாய்ந்த சித்தி எழுந்து ஜன்னலுக்கு ஓடிக் கயிற்றை இழுத்தாள். தட்டி மளமளவென்று மேலே சுருண்டது. தலைக்கு மேல் பல்பு, வாயெல்லாம் ரத்தம். "இப்போ காணாமோ? எல்லார்க்கும் காணாமோ?" என்று தெருவைப் பார்த்து அலறினாள். அவர் அவள் கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதினார், மறுபடி மோதினார். அவள் கயிற்றை விடவில்லை. கீழே தொழிலாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மூட்டைகள் தொப்பென்று தரையில் விழுந்தன. கதவை உடைத்து வந்தவர்கள் சித்தப்பாவைக் காலைப் பிடித்துப் படிகளில் இழுத்துப்போனார்கள். ஒவ்வொரு படியிலும் அவர் தலை இடித்த சத்தம் எனக்கு இனித்தது. இதில் பொய் சொல்லி என்ன? அவர் அந்தத் தெருவுக்குத் திரும்பவே இல்லை. உறவினர்களோ, குடும்ப மானத்தை நடுத்தெருவில் வைத்தவள் என்று சித்தியிடம்தான் பேச்சை நிறுத்தினார்கள்.

சித்தி இப்போது என்னோடு இருக்கிறாள். போன மாதம் எங்கள் புது ஃபிளாட்டுக்கு ஜன்னல் மறைப்பு வாங்க எர்ணாகுளத்தில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் தமிழர். தடித்த இரட்டைத் துணி ஒன்றை இழுத்துக் காட்டினார். "லைட் போட்டாலும் வெளியே ஒண்ணும் தெரியாதும்மா. உள்ளே பேசற சத்தம்கூட அவ்வளவா வெளியே போகாது."

சித்தி கேட்கும் காதை அவர் பக்கம் திருப்பினாள்.

"சத்தமும் போகாதா?"

"போகாதும்மா."

துணியை ஒரு முறை தடவிப் பார்த்தாள். "அப்ப வேண்டாம்" என்றாள்.