வோட்டு இல்லாதவர்களின் டொக்டர்

இன்று காலை வட்ஸ்அப்பில் ஓர் அழைப்பிதழ் வந்தது. றிச்மண்ட் ஹில்லில் விருந்து மண்டபம், வாழ்நாள் சேவை விருது, நடுவில் அந்தப் பிரெஞ்சு டொக்டரின் சிரித்த முகம். ‘தமிழரின் உற்ற தோழர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்ததில் தேத்தண்ணீர் ஆறிவிட்டது. எனக்கு ஆறவில்லை.

அவர் யாரென்று சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் பிரான்சிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போய், ஷெல்லடிக்குள் நின்று வைத்தியம் பார்த்தவர். அதை நான் ஒருபோதும் மறுக்கமாட்டேன். பிறகு ஒரு கனேடியப் பெண்ணைக் கட்டி ரொறன்ரோ வந்து, மல்வேர்னில் ஒரு பிளாசாவில் கிளினிக் திறந்தார். ஒரு பக்கம் கோழிப் பொரியல் கடை, மறுபக்கம் லோண்டரி. காத்திருக்கும் அறையில் டெற்றோலும் பொரியலும் சவர்க்காரமும் கலந்து மணக்கும். இன்றும் லோண்டரிக்குப் போனால் எனக்கு யாரோ இரத்த அழுத்தம் பார்க்கப்போவது போலவே இருக்கும். என் முதல் வேலை அங்கேதான். போன் எடுப்பதும் நான், மொழிபெயர்ப்பதும் நான். என் ஆங்கிலத்தின் அழகைக் கேட்காதீர்கள். வாய்வுக்கு வந்த ஒரு அன்ரியை இதய நிபுணர் வரைக்கும் அனுப்பி வைத்தவள் நான்.

உண்மையில் அவருக்கு நான் தேவையே இல்லை. “எங்கை நோகுது பிள்ளை?” என்று தொண்டைக்குள்ளால் கேட்பார். யாழ்ப்பாணத்து நேர்சுமாரிடம் பழகிய தமிழ். எழுபது வயதுக் கிழவரும் அவருக்குப் பிள்ளைதான். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஸ்ரீல்ஸிலிருந்தும் மில்லிக்கனிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

அப்படி வந்தவர்தான் ராசன் அண்ணை. ஊரில் அவருடைய காலிலிருந்து ஷெல் துண்டை எடுத்ததே இந்த டொக்டர்தான். ஒருவரையொருவர் கண்டதும் காத்திருக்கும் அறையிலேயே கட்டிப்பிடித்து அழுதார்கள். ராசன் அண்ணை பேஸ்மென்ற் ஒன்றில் இருந்துகொண்டு ரெஸ்ரோரன்றில் கோப்பை கழுவினார். மனைவியும் தவழ்கிற வயதில் விட்டுவந்த மகளும் வவுனியாவில் ஒரு முகாமில். அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிட விண்ணப்பம் எழுதிப்போட்டு, பதிலில்லாமல் காத்திருந்தார். மனுசனுக்கு அதைத் தவிர வேறு பேச்சில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் டொக்டருக்கு எலெக்சன் ஆசை வந்தது. எங்கள் சனத்துக்குக் கேட்கவா வேண்டும்? கோயிலுக்குக் கீழே உள்ள ஹோலில் கூட்டம் வைத்து, பொன்னாடை போர்த்தி, மாலை போட்டு, மேளத்தோடு மேடையேற்றினோம். அவர் மைக்கைப் பிடித்து முன்வரிசையைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்: “ராசன், பயப்பிடாதை. நான் வெண்டால் உன்ரை பிள்ளை வரும்.” கூரை இடிகிற மாதிரிக் கைதட்டல். நானும் தட்டினேன்.

அடுத்த வாரங்களில் மல்வேர்னில் நாங்கள் தட்டாத கதவில்லை. அன்ரிமார் றோல்ஸ் சுட்டு அனுப்பினார்கள். ராசன் அண்ணை நொண்டி நொண்டி வீடுவீடாக ஏறி, “குட் டொக்டர், வெரி குட் டொக்டர்” என்றார். ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்னிடம், “நீயும் அவருக்குத்தானா போடுகிறாய்?” என்று கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு வோட்டே இல்லை! குடியுரிமை இல்லாத அகதிகள் சேர்ந்து ஒருவரை எம்.பி. ஆக்கினோம். இந்த விசர்வேலையை எங்களைத் தவிர வேறு எந்தச் சனம் செய்யும்?

வென்றார். கிளினிக் பூட்டப்பட்டது. இரண்டு மாதம் விட்டு ராசன் அண்ணையைக் கூட்டிக்கொண்டு அவருடைய புதிய அலுவலகத்துக்குப் போனேன். எம்.பி. அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம், ஒரு போன் கோல் போனால் குடிவரவில் கிடப்பில் கிடக்கும் கோப்பு அசையும். மற்ற எம்.பி.மார் செய்துகொண்டுதான் இருந்தார்கள். டொக்டர் வெளியே வந்து கைகொடுத்தார். உட்காரச் சொல்லவில்லை. பிறகு, ராசன் அண்ணையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். தனிப்பட்ட கேஸ்களில் தான் தலையிட முடியாதாம். தொகுதி மக்கள் அகதிகள் விஷயத்தில் கவனமாக இருக்கிறார்களாம். எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டுமாம்.

வோட்டுக் கேட்கத் தமிழ் இருந்தது. இல்லையென்று சொல்ல மட்டும் நான் தேவைப்பட்டேன். இத்தனை வருடத்தில் எனக்கு ஆறாதது அதுதான். சொல்லுக்குச் சொல் அப்படியே மொழிபெயர்த்தேன், டொக்டருக்கும் விளங்கட்டும் என்று உரத்து.

“விடுங்கோ தங்கச்சி,” என்றார் ராசன் அண்ணை. “அவற்ரை முகத்திலேயே எனக்கு விளங்கிட்டுது.”

டொக்டர் மறுபடியும் வென்றார், பிறகு பென்சனோடு ஓய்வெடுத்தார். இப்போது எங்களுக்கெல்லாம் வோட்டு இருக்கிறது, ஆகவே அவருக்கும் எங்களை ஞாபகம் வந்திருக்கிறது. அந்தப் பிளாசா இல்லை. ஒரு ‘பிள்ளை’க்காக மூன்று பஸ் மாறி வந்த சனமும் இல்லை. விருது கொடுக்கப்போகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். முன்வரிசையில் நின்று படமெடுக்க வேண்டுமே.

ராசன் அண்ணையின் குடும்பம் கடைசியில் வந்துதான் சேர்ந்தது, யாருடைய தயவும் இல்லாமல், வரிசையில் நின்று. விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். தாயின் தோளுக்கு வளர்ந்த பெண் ஒருத்தி, தாயைப் பின்னால் விட்டுவிட்டு, பெட்டி வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ராசன் அண்ணை கையை விரித்தபடி நின்றார். அவள் அவருக்கு முன்னால் வண்டிலை நிறுத்தி, மரியாதையாகச் சொன்னாள்:

“அங்கிள், கொஞ்சம் விலத்துங்கோ. அப்பா எங்களைப் பாத்துக்கொண்டு நிப்பார்.”