நிலம் ஒருவருக்கு, மரம் ஒருவருக்கு, மிளகு ஒருவருக்கு

இன்று கொல்லிமலையில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். காற்றில் சேதமான பயிர்களுக்கு நிவாரணம் கேட்கும் மனுக்களைக் கணினி படித்துக்கொண்டிருந்தது. தேவனூர் நாடு என்ற மலைப்பகுதியைச் சேர்ந்த பாப்பாத்தியின் மனுவை மட்டும் தள்ளிவிட்டது.

நிலம் அவருடைய மாமனாருக்கு. அதில் நிற்கும் சில்வர் ஓக் மரம் கொழுந்தனாருக்கு. மரத்தில் ஏறிய மிளகுக்கொடி பாப்பாத்திக்கு. இங்கே இது சகஜம்.

"ஏனுங்க, இத்தனை பெரிய பொட்டிக்கு என்ற கொடி தெரியலீங்களா?"

நிரல் எழுதிய ஜெனிபர் சங்கடத்துடன் சிரித்தார். "ரெஜெக்ஸ்ல, அதாவது சொன்ன அச்சுல இருக்கற வரிய மட்டும் கண்டுபிடிக்கற முறையில, எழுதிட்டேன்க்கா. நிலம், மரம்னு நான் சொன்ன ரெண்டு அடுக்கோட நின்னுடுச்சு. மூணுன்னு மாத்தினா, நாளைக்கு நாலு அடுக்கோட ஒருத்தர் வருவார்."

அதை அழித்துவிட்டு மொழி இலக்கணம்போல, தனக்குள்ளேயே திரும்ப வரும் ஒரே விதி எழுதினார்: பங்கு என்றால் ஓர் ஆளும் ஒரு பொருளும், அந்தப் பொருளுக்குள் இன்னொரு பங்கும் இருக்கலாம்.

மறுபடி ஓட்டினார். திரையில் நிலம் விரிந்தது, அதற்குள் மரம், அதற்குள் கொடி, கொடியருகே பாப்பாத்தியின் பெயர். மனு ஏற்கப்பட்டது. அந்தச் சின்ன விதி எத்தனை ஆழத்துக்கும் போகும் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

"பாதிக் கொடிய எங்கக்கா மவளுக்குக் குடுத்தா?"

"அதையும் படிக்கும்க்கா."

"அப்ப எங்க பங்காளி சண்டையவும் இதுகிட்டயே உட்டறலாமுங்க!"

உங்கள் வீட்டுப் பங்காளிகளுக்கும் ஒரே விதி போதுமா?