இரண்டாவது பத்தி

பதினாறு வருடம் ஈப்போவில் தமிழ்ப் பத்திரிகை நிருபராக இருந்தேன். கோப்பெங்கில் கோயில் திருவிழா, தெலுக் இந்தானில் பள்ளி விளையாட்டுப் போட்டி என்று மோட்டார் சைக்கிளிலேயே பேராக் மாநிலத்தைச் சுற்றியவள் நான். தலைவர், செயலாளர், நன்கொடையாளர் என்று செய்தி எப்போதும் மேலிருந்துதான் தொடங்கும். பக்கத்தில் இடம் போதாவிட்டால் தலைமையகத்தில் கீழிருந்து வெட்டுவார்கள். அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்கிய அக்காக்களின் பெயர்களைக் கடைசியில் எழுதுவேன். மறுநாள் அவை இருக்காது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒரு நாள் அந்தப் பெயர்களைத் தூக்கி இரண்டாவது பத்தியில் போட்டேன். அவ்வளவு மேலே வந்து வெட்ட யாருக்கும் பொறுமை இல்லை. அன்றிலிருந்து அதுவே என் பழக்கமாகிவிட்டது.

அம்மா என் செய்தி ஒன்றையும் விட்டதில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, நாங்கள் ஜெலாப்பாங்குக்குக் குடிவந்த பிறகு, காலையில் பத்திரிகை வாங்குவதுதான் அவருக்கு முதல் வேலை. என் பெயர் வந்திருந்தால் மளிகைக் கடைக்கார அண்ணனிடம் காட்டாமல் திரும்பமாட்டார். பாவம் அந்த மனிதர், எத்தனை முறைதான் தலையாட்டுவார்.

பிறகு எங்கள் ஈப்போ அலுவலகத்தை மூடினார்கள். ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஊடகத் தொடர்பு அதிகாரி வேலை கிடைத்தது. நல்ல சம்பளம், குளிரூட்டிய அறை. பெயர் மட்டும் எங்கும் வராது. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. "ஈப்போ செய்திக்கு இப்பல்லாம் நிருபர் பேரு போடறதில்லம்மா" என்று புளுகினேன். எட்டு மாதம் அதே புளுகுதான். அவர் தினமும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டுவதைப் பார்க்கையில் பாதித் தட்டோடு எழுந்துவிடுவேன்.

எங்கள் நிறுவன நிகழ்ச்சிகளுக்கு இப்போது நிருபர்கள் நேரில் வருவது குறைவு. "அறிக்கையும் படமும் வாட்ஸ்அப்புல போட்டு விடுங்கக்கா" என்பார்கள். நான் எழுதியதை ஒரு காற்புள்ளிகூட மாறாமல் போட்டு, மேலே 'நமது நிருபர்' என்று வைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். மூன்று பேர் வேலையை ஒருவர் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் கோப்பெங் பக்கம் ஒரு பழைய தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு எங்கள் நிறுவனம் மேசை நாற்காலிகள் கொடுத்தது. அறிக்கையின் முதல் பத்தியில் மேலாளர். இரண்டாவது பத்தியில், அன்று எல்லோருக்கும் மீ நூடல்ஸ் பிரட்டிய இரண்டு அக்காக்களும், பழைய மேசைகளைத் தனியாளாகத் தூக்கி வெளியே வைத்த பள்ளித் தோட்டக்காரரும். மேலாளருக்குத் தமிழ் தெரியாது, அது ஒரு வசதி.

செய்தி வந்த அன்று மாலை வீடு திரும்பினால், அது கத்தரிக்கப்பட்டு மேசைமேல் கிடந்தது. 'நமது நிருபர்' என்பதன்மேல் பேனாக் கோடு. பக்கத்தில் அம்மாவின் கோணல் எழுத்தில் என் பெயர்.

"இது நீ எழுதுனதுதானே? மீ பெரட்டுனவ பேர வேற எவன் போடப் போறான் லா?"

இனி என்ன மறைப்பது. எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"தெரியும் லா. ஆபிஸ மூடுன மறுவாரமே கடைக்கார அண்ணே சொல்லிட்டாரு."

"அப்பறம் ஏம்மா தெனமும் பேப்பர் வாங்குன?"

"நான் நிறுத்தியிருந்தா, எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு ஒனக்குத் தெரிஞ்சிரும். நீயா சொல்ற வரைக்கும் வாங்குவோமேன்னு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அதைக் கவனிக்கவில்லை. அந்தத் துண்டுச் செய்தியை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். கடைக்கார அண்ணனிடம் காட்ட ஒன்றும் இல்லாமல் எட்டு மாதம் போய்வந்தவர் அவர்.